மர்மக்கதைக்கு உயிர் எது?

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



கோலாலம்பூர் ஸ்ரீ மகா மாரியம்மன் கோயில் இருக்கும் தெருவுக்கு இப்போது ஜாலான் துன் எச்.எஸ்.லீ என்று பெயர். ஆங்கிலேயர் காலத்தில் அது ஹை ஸ்திரீட். தைப்பூச வெள்ளி ரதம் பத்துமலைக்குப் புறப்படுகிற அதே தெருவில், ஆற்றை ஒட்டி, விக்டோரியா இன்ஸ்டிடியூஷன் பள்ளி இருந்தது. 1893-ல் அந்தப் பள்ளி தோன்றக் காரணமாக இருந்தவர்களில் ஒருவர், மாரியம்மன் கோயிலை எழுப்பிய அதே தம்புசாமிப் பிள்ளை. பள்ளி 1929-ல் பெட்டாலிங் குன்றுக்கு இடம் மாறியது. பழைய இடம் பின்னாளில் தாமான் புடாயா கலை மையமானது. நாட்டியம் பார்க்கவும் நாடகம் பார்க்கவும் அங்கே போய் வந்த நம்மவர்களில் பலருக்கு, உலகப் புகழ் பெற்ற ஒரு மர்மக்கதை அந்த வளாகத்தில்தான் முளைவிட்டது என்பது தெரிந்திருக்காது.

1911 ஏப்ரல் 23, ஞாயிற்றுக்கிழமை இரவு. தலைமையாசிரியர் பங்களாவில், பொறுப்புத் தலைமையாசிரியரின் மனைவி எத்தல் பிரவுட்லாக் தனியாக இருந்தார். கணவர் சக ஆசிரியர் ஒருவரோடு இரவு உணவுக்குப் போயிருந்தார். ஈயச் சுரங்க நிர்வாகி வில்லியம் ஸ்டூவர்ட் ரிக்‌ஷாவில் வந்து இறங்கினார். ரிக்‌ஷாக்காரரை வெளியே காத்திருக்கச் சொல்லிவிட்டு உள்ளே போனார். சற்று நேரத்தில் வெடிச் சத்தம். தள்ளாடியபடி வராந்தாவைக் கடந்து வந்த ஸ்டூவர்ட் கீழே விழுந்தார். கைத்துப்பாக்கியோடு பின்னாலேயே வந்த எத்தல், மிச்சமிருந்த குண்டுகளையும் அவர்மேல் சுட்டுத் தீர்த்தார். மொத்தம் ஆறு குண்டுகள்.

ஸ்டூவர்ட் தம்மைப் பலவந்தப்படுத்த முயன்றதாகவும், தற்காப்புக்காகவே சுட்டதாகவும் எத்தல் சொன்னார். வழக்கு ஜூன் மாதம் நடந்தது. ஜூரிகள் இல்லை. ஒரு நீதிபதியும் அவருக்குத் துணையாக அமர்ந்த இருவரும் கேட்டார்கள். அவர் சொன்னதை அவர்கள் ஏற்கவில்லை. மரண தண்டனை விதித்தார்கள். பிறகு கருணை மனுக்கள் போயின. ஜூலை மாதம் சிலாங்கூர் சுல்தான் மன்னிப்பு அளித்தார். எத்தல் விடுதலையாகி இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். மன்னிப்பு என்பது குற்றமற்றவர் என்ற தீர்ப்பு அல்ல. ஆகவே அந்த இரவில் என்ன நடந்தது என்ற கேள்வி அப்படியே நின்றுவிட்டது.

இந்த வழக்கில் மர்மம் எங்கே இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். கொலை செய்தது யார் என்பது முதல் நிமிடத்திலேயே தெரியும். எந்த ஆயுதம், எந்த இடம், எந்த நேரம், எல்லாம் தெரியும். தெரியாதது ஒன்றுதான். தற்காப்புக்கு ஒரு குண்டு போதும், பதற்றத்தில் இரண்டு என்றுகூட வைத்துக்கொள்ளலாம். ஓடி வந்து விழுந்துவிட்ட மனிதர்மேல் எதற்கு அத்தனை குண்டுகள்?

சுமார் 10 ஆண்டுகள் கழித்து, 1921-ல் மலாயாவுக்கு வந்தார் ஆங்கில எழுத்தாளர் சாமர்செட் மாம். இந்த வழக்கைப் பற்றிக் கேள்விப்பட்டார். அதிலிருந்து 'கடிதம்' என்ற சிறுகதையை எழுதினார். 1926-ல் வெளிவந்த அவருடைய மலாயாக் கதைத் தொகுப்பில் அது இடம் பெற்றது. அடுத்த ஆண்டே நாடகமானது. 1940-ல் வில்லியம் வைலர் இயக்க, பெட்டி டேவிஸ் நடிக்க ஹாலிவுட் படமாகவும் வந்தது. ஆசிரியரின் மனைவி கதையில் தோட்டத் துரையின் மனைவியானார். கோலாலம்பூர் நீதிமன்றம் சிங்கப்பூர் நீதிமன்றமானது. ஆறு குண்டுகளை மட்டும் மாம் தொடவே இல்லை.

அதோடு ஒன்றைச் சேர்த்தார். ஒரு கடிதம். 'கணவர் ஊரில் இல்லை, இன்றிரவு கட்டாயம் வா' என்று கொன்றவளே கொல்லப்பட்டவனுக்கு எழுதிய கடிதம். அது ஒரு சீனப் பெண்ணின் கையில் இருக்கிறது. பத்தாயிரம் வெள்ளி கொடுத்தால் கிடைக்கும் என்று செய்தி வருகிறது. அதுவரை நேர்மையாக வாழ்ந்த வழக்கறிஞர் அதை விலைக்கு வாங்க உடன்படுகிறார். பெண் விடுதலையாகிறாள். அசல் வழக்கில் இல்லாத இந்த ஒரு காகிதத்தை வைத்துக்கொண்டு, நீதிமன்றம் விட்டுச்சென்ற கேள்விக்கு மாம் தாமே ஒரு பதிலைக் கட்டிவிட்டார்.

மர்மக்கதை எழுத விரும்பும் இளைஞர்கள் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். அந்தக் கடிதம் வானத்திலிருந்து குதிக்கவில்லை. கதையின் தொடக்கத்திலேயே வழக்கறிஞருக்கு மனத்தில் ஒரு நெருடல் இருக்கிறது. அத்தனை குண்டுகள் ஏன் என்று அவர் யோசித்துவிட்டு, அதை ஒதுக்கி வைக்கிறார். வாசகரும் அவரோடு சேர்ந்து ஒதுக்கி வைக்கிறார். கடிதம் வரும்போது 'அடடே, இது நமக்கு முன்பே உறுத்தியதே' என்று தோன்றுகிறது. விடை புதிதாக இருக்கிறது, ஆனால் அந்த விடையைக் கேட்ட கேள்வி வாசகரின் சட்டைப்பையில் முதல் பக்கத்திலிருந்தே கிடக்கிறது. கொலைகாரன் யார் என்று மறைத்து வைப்பது சின்ன வித்தை. ஒரு மனிதர் எதை மறைக்க இத்தனை பாடுபடுகிறார் என்பதுதான் பெரிய கதை.

ஹாலிவுட் படத்தில் இந்தக் கதைக்கு நேர்ந்ததையும் சொல்ல வேண்டும். குற்றவாளி தண்டனை பெறாமல் படம் முடியக்கூடாது என்பது அந்நாளைய அமெரிக்கத் திரைத்துறை விதி. ஆகவே கடைசியில் அந்தப் பெண்ணைக் கொன்றுவிட்டார்கள். நடிப்பும் ஒளிப்பதிவும் அற்புதமான படம், முடிவு மட்டும் ஒட்டுப் போட்டது போலத் தெரியும். செய்த காரியத்தோடும் ஏமாந்த கணவரோடும் அவள் வாழ்ந்தாக வேண்டும் என்பதை விடவா அந்தக் கத்திக்குத்து பெரிய தண்டனை?

வழக்கு நடந்த அதே காலத்தில்தான் தமிழிலும் துப்பறியும் நாவல் தலையெடுத்தது. ஜே.ஆர்.ரங்கராஜுவின் 'இராஜாம்பாள்' 1908-ல் வந்தது. ஆரணி குப்புசாமி முதலியார் ஆங்கில நாவல்களைத் தழுவி எழுதிக் குவித்தார். வடுவூர் கே.துரைசாமி ஐயங்கார் திகம்பர சாமியார் என்ற துப்பறிவாளரைப் படைத்தார். 1950-ல் மாடர்ன் தியேட்டர்ஸ் அதைப் படமாக்கியபோது எம்.என்.நம்பியார் விதவிதமான வேடங்களில் வந்து அசத்தினார். அந்தக் காலத்துக் கதைகளுக்கு மாறுவேடம்தான் மூச்சு. படிக்கச் சுவாரஸ்யம்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் மாறுவேடத்தில் வாசகருக்கு வேலையே இல்லை. தாடியைப் பிய்த்தெறிந்து 'நான்தான் இன்னார்' என்றால் கைதட்டலாம், முன்கூட்டி ஊகிக்க வழி கிடையாது. ஊகிக்க வழியில்லாத இடத்தில் ஏமாற்றம் உண்டு, மர்மம் இல்லை.

அந்தப் பழக்கத்தை முறித்த படம் 1954-ல் வந்த 'அந்த நாள்'. ஏவி.எம். தயாரிப்பு, எஸ்.பாலசந்தர் இயக்கம், ஜாவர் சீதாராமன் வசனம். பாட்டு ஒன்றுகூட இல்லாத தமிழ்ப்படம் என்று எல்லாரும் அதைப் பாராட்டுவார்கள். மர்மக்கதையின் கணக்கில் பார்த்தால் அதைவிடப் பெரிய சாதனை ஒன்று அதில் இருக்கிறது.

வானொலிப் பொறியாளர் ராஜன் சுட்டுக் கொல்லப்பட்டுக் கிடக்கிறார். சிவாஜி கணேசன் நடித்த பாத்திரம். கதாநாயகன் படத் தொடக்கத்திலேயே பிணம். பக்கத்து வீட்டுக்காரர், தம்பி, தம்பி மனைவி, காதலி, மனைவி என்று ஐந்து பேர் மீது சந்தேகம். ஒவ்வொருவரும் ஒவ்வொரு கதை சொல்கிறார்கள். பணத் தகராறு, சொத்துத் தகராறு, பெண் தகராறு என்று நமக்குப் பழகிய காரணங்கள் வரிசையாக வருகின்றன. நாமும் நீ, நான் என்று ஆள் பிடித்துக்கொண்டிருக்கிறோம்.

கதை நடப்பது 1943 அக்டோபரில், சென்னை மீது ஜப்பான் குண்டு போட்ட சமயம். படம் அதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறது. பார்க்கிறவர்கள் அதைக் காலத்தைக் காட்டும் பின்னணி என்று எடுத்துக்கொள்கிறார்கள். கொலைக்குக் காரணமே அதுதான். ராஜன் வானொலி மூலம் ஜப்பானியருக்கு இரகசியம் அனுப்பிக்கொண்டிருந்தவர். அதைக் கண்டுபிடித்த மனைவியின் கைத் துப்பாக்கியில் அவர் உயிர் போகிறது. வானொலிப் பொறியாளர் என்ற தொழிலும் ஜப்பான் குண்டு என்ற செய்தியும் நம் கண்முன்னேயே பக்கத்துப் பக்கத்தில் கிடந்தன. சேர்த்துப் பார்க்கத்தான் நமக்குத் தோன்றவில்லை. ஜப்பான்காரன் காலத்தைத் தாத்தா பாட்டி வாயால் கேட்டு வளர்ந்த மலேசியக் குடும்பங்களுக்கு அந்த இடம் இன்னும் ஆழமாகவே இறங்கும். கணவனா, நாடா என்ற கேள்வியைப் பண்டரிபாயின் முகத்தில் விட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது படம். கொலைகாரர் யார் என்று தெரிந்த பிறகும் அந்தப் படத்தை மறுபடி பார்க்க முடிவது அதனால்தான்.

மறுபடி படிக்க முடிகிறதா என்பதே மர்மக்கதைக்கு நல்ல உரைகல். முடிவு தெரிந்ததும் தூக்கிப் போடும் கதை வெறும் விடுகதை.

நேர்மையாக விளையாட வேண்டும் என்பதற்காக ஆங்கிலத்தில் விதிகளே எழுதி வைத்தார்கள். 1929-ல் ரோனால்ட் நாக்ஸ் என்ற பாதிரியார் பத்துக் கட்டளைகள் வகுத்தார். துப்பறிவாளருக்குக் கிடைத்த தடயம் உடனே வாசகருக்கும் காட்டப்பட வேண்டும், பேய் பிசாசு விடையாகக் கூடாது, இரட்டையர் வருவதானால் முன்பே சொல்லிவிட வேண்டும் என்றெல்லாம் போகும். ஐந்தாவது கட்டளை நமக்கு வேடிக்கையாக இருக்கும். கதையில் சீனர் யாரும் வரக்கூடாதாம்! அந்நாளைய மலிவான ஆங்கில நாவல்களில் வில்லன் வேண்டுமென்றால் உடனே ஒரு சீனரைக் கொண்டுவந்து நிறுத்துவார்கள். அந்தச் சோம்பேறித்தனத்தைக் கிண்டல் செய்யத்தான் அப்படி எழுதினார். பெட்டாலிங் ஸ்திரீட்டில் மளிகை வாங்கும் நமக்கு, கதையில் சீனர் வராவிட்டால்தான் சந்தேகம் வரும். ஆனால் அந்தக் கிண்டல் நம்மையும் குத்துகிறது. நம் கதைகளில் திருட்டு என்றால் யாரை முதலில் சந்தேகப்படுகிறோம்? அதற்குப் பிறகு வருவோம்.

சுஜாதாவின் பெயரைச் சொல்லாமல் இந்தப் பேச்சு நகராது. 1968-ல் 'நைலான் கயிறு' நாவலில் வக்கீல் கணேஷை அறிமுகப்படுத்தினார். பிற்பாடு வஸந்த் வந்து சேர்ந்தார். அந்த ஜோடிக்குக் கோலாலம்பூரிலும் கிள்ளானிலும் இருந்த ரசிகர்களுக்குக் கணக்கில்லை. 'கொலையுதிர் காலம்' நாவலில் அவர் செய்த காரியம் துணிச்சலானது. நடப்பதெல்லாம் ஆவியின் வேலையா, விஞ்ஞானத்தின் வேலையா என்ற கேள்வியைக் கடைசி வரை இழுத்துக்கொண்டு போகிறார். முடிவிலும் கதவை முழுக்கச் சாத்தவில்லை. பதிலைத் தராமல் விடுவது சுலபம் என்று நினைத்து, பலர் இதைப் பார்த்து எழுதிக் கையைச் சுட்டுக்கொண்டார்கள். சுஜாதா இரண்டு பதில்களுக்கும் வேண்டிய தடயங்களைத் தனித்தனியே சேர்த்து வைத்திருக்கிறார். பதிலே இல்லாமல் விடுவது வேறு, இரண்டு பதில்களையும் நிற்க வைப்பது வேறு.

பதிலே இல்லாததற்கு நம் நாட்டிலேயே எடுத்துக்காட்டு உண்டு. 1967 மார்ச் 26 அன்று கேமரன் மலையில் தங்கியிருந்த பேங்காக் பட்டு வணிகர் ஜிம் தாம்சன் நடந்து போனார், திரும்பவில்லை. போலீசாரும் பூர்வகுடி மக்களும் காடு மேடெல்லாம் தேடினார்கள். இன்றுவரை துப்பில்லை. அது உண்மையான மர்மம். ஆனால் அதை அப்படியே எழுதினால் கதையாகாது. புலி தின்றது, ஒற்றர்கள் கடத்தினார்கள் என்று யார் எதைச் சொன்னாலும் பொருந்துகிறது. எதைச் சொன்னாலும் பொருந்துகிற இடத்தில் தடயத்துக்கு மதிப்பே கிடையாது.

பாக்கெட் நாவல்களை மட்டமாகப் பேசுவது சிலருக்குப் பழக்கம். பிரிக்ஃபீல்ட்ஸ் கடைகளில் கயிற்றில் தொங்கிய அந்தச் சின்னப் புத்தகங்கள்தாம் இந்நாட்டில் பலரைத் தமிழ் படிக்க வைத்தன. வேலை முடிந்து பஸ்ஸில் வீடு திரும்புவதற்குள் ஒரு நாவல் முடிந்துவிடும். 1,500-க்கும் மேற்பட்ட நாவல்கள் எழுதிய கோயம்புத்தூர் ராஜேஷ்குமார், சம்பந்தமே இல்லாதது போல் இரண்டு கதைகளை அடுத்தடுத்த அத்தியாயங்களில் ஓட்டிக்கொண்டு போய், கடைசியில் ஒன்றாக முடிச்சுப் போடுவார். அவை எங்கே சந்திக்கும் என்று யோசிப்பதே வாசகருக்கு அவர் கொடுத்த வேலை. வேலை கொடுக்கும் எழுத்தாளரை வாசகர் மறப்பதில்லை.

தொலைக்காட்சிக்கு வருவோம். இங்கே மர்மக்கதைக்கு எதிரிகள் அதிகம். முதல் எதிரி விளம்பர இடைவேளை. நேயர் சேனலை மாற்றிவிடக் கூடாது என்பதற்காக ஒவ்வோர் இடைவேளைக்கு முன்பும் ஒரு திடுக்கிடல் வைக்க வேண்டும். கதவு மெல்லத் திறக்கும், இசை அலறும், விளம்பரம் முடிந்து பார்த்தால் பூனை. இரண்டு வாரம் பூனை வந்தால் மூன்றாவது வாரம் பேயே வந்தாலும் யாரும் பயப்பட மாட்டார்கள். இரண்டாவது எதிரி நடிகர் தேர்வு. பேர்பெற்ற நடிகர் ஒருவர் இரண்டே வசனம் பேசும் வேடத்தில் வந்தால், வீட்டில் சோபாவில் உட்கார்ந்திருக்கும் அம்மா 'இவன்தான்டா கொலைகாரன்' என்று சொல்லிவிடுவார். நூற்றுக்கு நூறு சரியாகவும் இருக்கும்.

மூன்றாவது, கேமரா சொல்லும் பொய். புத்தகத்தில் ஒருவர் பொய் சொன்னால் அது அவர் சொன்னது. திரையில் காட்டினால் அது நடந்தது என்று நேயர் நம்புகிறார். 1950-ல் ஹிட்ச்காக் ஒரு படத்தில் நடக்காத சம்பவத்தை நடந்தது போலக் காட்டினார். ரசிகர்கள் கோபப்பட்டார்கள். அப்படிச் செய்திருக்கக் கூடாது என்று பின்னாளில் அவரே ஒப்புக்கொண்டார். 'அந்த நாள்' இந்தப் பள்ளத்தைத் தாண்டிய விதம் எளிமையானது. யார் சொல்வதைப் பார்க்கிறோம் என்பது ஒவ்வொரு முறையும் நமக்குத் தெரியும். ஆகவே பொய்யென்று ஆன பிறகும் படத்தின் மேல் நமக்குக் கோபம் வருவதில்லை.

1990-களின் பிற்பகுதியில் இந்திரா சௌந்தர்ராஜனின் 'மர்மதேசம்' தொடர்கள் இங்கேயும் பேசப்பட்டதை நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பயமுறுத்தும் இசைக்காக மட்டும் அவை நினைவில் நிற்கவில்லை. காவல் தெய்வத்தை நம்பும் ஊரில் ஒரு குற்றத்தை விசாரிப்பது எப்படி என்ற கேள்வி அவற்றில் இருந்தது. தோட்டத்து முனீஸ்வரரைக் கும்பிட்டு வளர்ந்த நம் மக்களுக்கு அது அந்நியக் கதை அல்ல. சாமி தண்டித்ததா, ஆசாமி தண்டித்தானா என்று தோட்டத்து லயங்களில் பேசாத நாள் உண்டா?

இனி, சற்றுச் சங்கடமான ஒரு விஷயம். நாளிதழைத் திறந்தால் கொலை, கொள்ளை, காணாமல் போனவர்கள். இவற்றையே கதையாக்கலாமே என்று இளம் எழுத்தாளர்கள் கேட்கிறார்கள். மாம் பெயரை மாற்றினார், ஊரை மாற்றினார், தொழிலை மாற்றினார். அப்படியும் மலாயாவில் இருந்த வெள்ளைக்காரர்கள் அவர்மேல் கடுங்கோபம் கொண்டார்கள். எங்கள் வீட்டில் சாப்பிட்டுவிட்டு எங்களையே எழுதிவிட்டாரே என்று வருத்தம். நம் சமூகம் அதைவிடச் சிறியது. கிள்ளானில் நடந்ததைப் பெயர் மாற்றிச் சொன்னால் ஒரு வாரத்தில் அந்தக் குடும்பத்துக்குத் தெரிந்துவிடும். பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தாய் தன் வீட்டுத் துயரத்தை விளம்பர இடைவேளையோடு பார்க்க நேர்வது கொடுமை. வழக்கை எடுக்க வேண்டியதில்லை, வழக்கில் உறுத்துகிற ஒரே ஒரு கேள்வியை எடுத்தால் போதும்.

இன்னொன்று. மாம் தம்முடைய கதையில் ரிக்‌ஷாக்காரரை விட்டுவிட்டார். அசல் வழக்கில் வெளியே இருந்து கேட்டவர், பார்த்தவர் அவர்தான். காத்திரு என்றார்கள், காத்திருந்தார். எஜமானர்களின் உலகத்துக்கு வெளியே, இருட்டில் நின்ற மனிதர். இங்கே எத்தனையோ பங்களாக்களின் வெளியே நம்மவர்களும் அப்படி நின்றிருக்கிறார்கள், தோட்டக்காரராக, காவலாளியாக, டிரைவராக. உள்ளே என்ன நடந்தது என்பதை மாம் எழுதிவிட்டார். வெளியே நின்றவருக்கு என்ன தெரியும், அதைச் சொன்னால் அவருக்கு என்ன ஆகும் என்பதை எழுத வேண்டியவர்கள் இந்த மண்ணின் பிள்ளைகள்.

கொலைதான் வேண்டும் என்பதும் இல்லை. ஒரு கதையைக் கற்பனை செய்து பார்ப்போம். கிள்ளானில் ஒரு கல்யாண வீடு. ஞாயிற்றுக்கிழமை முகூர்த்தம். வெள்ளிக்கிழமை இரவு பாட்டியின் எட்டுப் பவுன் சங்கிலியைக் காணோம். பேத்திக்கு என்று பாட்டி சொல்லி வைத்திருந்த சங்கிலி. வீட்டில் வேலையில்லாத பேரன் இருக்கிறான், கடனில் இருக்கும் மருமகன் இருக்கிறார், பினாங்கிலிருந்து வந்த மாமா இருக்கிறார், இந்தோனேசியப் பணிப்பெண் இருக்கிறாள். வீட்டார் கண் யார்மேல் விழும் என்று சொல்லத் தேவையில்லை. அவள் பெட்டியைக் கொட்டிச் சோதிக்கிறார்கள். திங்கட்கிழமை ஏஜெண்ட் வந்து அழைத்துப் போவதாகப் பேச்சு.

சோம்பேறி எழுத்தாளர் இதைச் சுலபமாக முடித்துவிடுவார். கடைசி அத்தியாயத்தில் பினாங்கு மாமாவின் பையிலிருந்து சங்கிலி விழும். மாமாவைப் பற்றி அதுவரை ஒரு வரிகூடச் சொல்லியிருக்க மாட்டார்.

வேறு விதமாகவும் எழுதலாம். முதல் பக்கத்தில் பேத்தி பாட்டியைக் கேலி செய்கிறாள். "என்ன பாட்டி, கழுத்தெல்லாம் இவ்ளோ பவுடர்? மாவு மூட்டையில விழுந்துட்டீங்களா?" பாட்டி சிரிக்கிறாள். "வெயில்ல கசகசன்னு இருக்கும்மா." இரண்டாம் பக்கத்தில் வீட்டு வாசல் கேட்டுக்குப் பெயிண்ட் அடிக்கிறார்கள். கல்யாண வீடு, அடிக்கத்தானே செய்வார்கள்? பெயிண்டர் மட்டும் முணுமுணுக்கிறார், இரண்டு மாதத்துக்கு முன்புதானே இதே கேட்டுக்கு அடித்தோம் என்று. அவ்வளவுதான். வாசகர் பந்தக்காலுக்கும் பலகாரத்துக்கும் போய்விடுவார்.

இந்த ஊரில் வாசல் கேட்டில் சிவப்புப் பெயிண்டை ஊற்றிவிட்டுப் போவது யார் என்பது எல்லாருக்கும் தெரியும். பேரன் ஆலோங்கிடம் கடன் வாங்கியிருக்கிறான். ஒரு நாள் விடியற்காலையில் கேட்டில் சிவப்பு. அண்டை அயலார் எழுவதற்குள் பாட்டி பெயிண்டரை வரவழைத்து மூடிவிட்டாள். சங்கிலி அடகுக்கடைக்குப் போய்விட்டது. இரண்டு மாதமாக அவள் கழுத்தில் கிடந்தது கவரிங். கழுத்து அரித்துக் கறுத்துப் போனதை மறைக்கத்தான் அத்தனை பவுடர். கல்யாணத்தன்று பெண்ணின் கழுத்தில் போடும்போது மாப்பிள்ளை வீட்டார் கையில் எடை பார்ப்பார்களே என்ற பயத்தில், வெள்ளிக்கிழமை அதைக் காணாமல் போக்கியவளும் அவள்தான்.

இந்தக் கதையில் கெட்டவர் யாரும் இல்லை. பேரனை ரௌடிகளிடமிருந்து காப்பாற்றினாள், குடும்ப மானத்தைக் காப்பாற்றினாள். அந்த மானத்துக்கு விலையாக ஒரு பெண் திங்கட்கிழமை ஏஜெண்டோடு போக வேண்டும். பாட்டிக்கு அது தெரியும். சனிக்கிழமை முழுவதும் அவள் என்ன செய்கிறாள், பூஜை அறையில் எத்தனை முறை போய் உட்காருகிறாள், பணிப்பெண் காப்பி கொண்டுவந்து வைக்கும்போது அவள் முகத்தைப் பார்க்கிறாளா என்பதுதான் மர்மம். நம் வீடுகளில் பணத்துக்காக மறைப்பது குறைவு. நாலு பேர் என்ன சொல்வார்கள் என்பதற்காக மறைப்பதுதான் அதிகம். துப்பறிவாளர் எவரும் தேவைப்படாத, இந்த மண்ணுக்கே உரிய மர்மங்கள் அங்கேதான் குவிந்து கிடக்கின்றன.

இந்தக் கதைக்கு இன்னும் ஒரு தடயம் உண்டு. முதல் அத்தியாயத்திலேயே வைக்கலாம், யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். பின்கட்டில் துணி துவைத்துக்கொண்டிருக்கும் பணிப்பெண், ரவிக்கைக் கழுத்தில் படிந்திருக்கும் கறுப்புக் கறையைத் தேய் தேய் என்று தேய்க்கிறாள். அது பாட்டியின் ரவிக்கை. இரண்டு மாதமாக அதைத் துவைப்பவள் அவள்தான். பெட்டியைக் கொட்டிச் சோதித்தபோதும் அவள் வாய் திறக்கவில்லை.